அக்கராஜே மாவு எண்ணெயில் ஏன் கலைந்துபோகிறது?

பிரேசில் நாட்டுப் பொரித்த பயற்றுப் பண்டமான அக்கராஜேயைக் காணொளியில் பார்த்துவிட்டு, காராமணியை இரவு முழுவதும் ஊறவைத்து, தோலோடு மிக்ஸியில் தண்ணீர் விட்டு அரைத்து, ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்துக் கடலை எண்ணெயில் பொரித்ததாகவும், பாதி எண்ணெயிலேயே கலைந்துபோய் மீதி கல்லாக வந்ததாகவும் எழுதி, எங்கே தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். தோலை நீக்கவில்லை, தண்ணீரை அளவின்றி விட்டீர்கள், மாவை அடிக்கவில்லை. இந்த மூன்றையும் சரிசெய்தால் சோடாவுக்கு வேலையே இராது. அங்கே பயன்படுத்தும் சிவப்புப் பாமாயிலை விட்டுக் கடலை எண்ணெய்க்கு மாறியதை நான் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அதனால் நீங்கள் செய்தது அக்கராஜேயாக இல்லாமல் காராமணி வடையாகிவிட்டது.

இது எங்கிருந்து வந்த பண்டம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கராஜே பிரேசில் முழுவதற்கும் பொதுவானது அன்று. வடகிழக்கிலுள்ள பாஹியா மாநிலத்துக்கும் அதன் தலைநகரான சல்வதோருக்கும் உரியது. போர்த்துக்கீசியர் 1549இல் நிறுவிய அந்நகரம் 1763 வரை பிரேசிலின் தலைநகராக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் பெருந்தொகையாக இறக்கப்பட்ட துறைமுகமும் அதுவே. இன்றைய நைஜீரியா, பெனின் பகுதிகளைச் சேர்ந்த யொரூபா மக்கள் தங்கள் ஊரில் 'அக்கரா' என்ற பெயரில் பொரித்துத் தின்ற பயற்றுப் பண்டத்தைக் கடல் கடந்து வந்த பிறகும் கைவிடவில்லை. யொரூபா மொழியில் 'ஜே' என்றால் தின்பது என்று பொருள். 'அக்கரா ஜே' என்று தெருவில் கூவி விற்ற குரலே பண்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அடிமைப் பெண்கள் தலையில் தட்டைச் சுமந்து தெருத்தெருவாக விற்று, வருவாயில் ஒரு பகுதியை எசமானருக்குக் கட்டிவிட்டு, எஞ்சியதைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையையே விலைகொடுத்து வாங்கியதும் உண்டு. 1888இல் அடிமைமுறை ஒழிந்த பிறகும் அந்தத் தட்டு அவர்களுடைய பேத்திகளின் தலையில் தொடர்ந்தது.

ஆப்பிரிக்க வழிபாட்டிலிருந்து பிரேசிலில் வளர்ந்த கந்தோம்ப்ளே சமயத்தில் காற்றுக்கும் இடிமின்னலுக்கும் உரிய தெய்வமான இயன்சாவுக்கு இதுவே படையல். வெள்ளைப் பின்னல் பாவாடையும் தலைப்பாகையும் மணிமாலைகளுமாகத் தட்டின் பின்னால் உட்கார்ந்திருக்கும் 'பையானா' பெண்களின் உடைக்கும் அந்தச் சமயத்தோடு தொடர்பு உண்டு. பிரேசிலின் மரபுக் காப்பு நிறுவனமான இஃபான் 2005இல் இதை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தபோது, பதிவேட்டில் ஏறியது பண்டத்தின் பெயர் அன்று, 'அக்கராஜே பையானாக்களின் தொழில்' என்பதே. பயறும் எண்ணெயும் யாருக்கும் கிடைக்கும், கைவேலைதான் மரபு என்ற எண்ணம் அதில் தெரிகிறது. நீங்கள் தவறவிட்டதும் அந்தக் கைவேலையைத்தான்.

இனிப் பயற்றுக்கு வருவோம். அங்கே 'குட்டித் துறவி' என்று பொருள்படும் பெயரால் வழங்கும் பயறு, நம் கடைகளில் வெள்ளைக் காராமணி என்று கிடைக்கும், கண்ணருகே கறுப்புப் புள்ளி உள்ள அதே பயறுதான். தட்டைப்பயறு என்று கேட்டாலும் தருவார்கள், இலங்கையில் கௌபி என்பார்கள். சிவப்புக் காராமணி வேண்டாம். அதன் தோலை நீக்குவது பெரும்பாடு, மாவும் நிறம் மங்கிவிடும். பழைய பயறு எத்தனை மணி நேரம் ஊறினாலும் நடுவில் கடுக்கென்று நிற்கும் என்பதால் புதிதாக வந்த சரக்காகப் பார்த்து வாங்குங்கள். ஐந்தாறு பேருக்கு அரைக் கிலோ போதும்.

தோல் நீக்குவதில்தான் பெரும்பாலோர் சோர்ந்துபோகிறார்கள். ஊறிய முழுப் பயற்றை ஒவ்வொன்றாகப் பிதுக்கிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். பாஹியாவில் தொழில்முறையாகச் செய்பவர்கள் பயற்றை ஊறவைப்பதற்கு முன்பே உலர்ந்த நிலையில் இரண்டு மூன்று துண்டுகளாக உடைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் மிக்ஸியில் ஒரு கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, விட்டுவிட்டு இரண்டு மூன்று முறை மட்டும் ஓட்டுங்கள், பொடியாகிவிடக் கூடாது. பிறகு முறத்தில் இட்டுப் புடைத்தால் பாதித் தோல் அப்போதே பறந்துவிடும். எஞ்சியதைத் தண்ணீரில் நான்கு மணி நேரம் ஊறவைத்து, உளுந்து களைவதைப் போலவே உள்ளங்கைகளுக்கு இடையே தேய்த்துக் களைந்தால் தோல் மிதந்து மேலே வரும். பாத்திரத்தைச் சரித்து அதை வழித்து ஊற்றிவிட்டு, மீண்டும் தண்ணீர் விட்டு மீண்டும் களைய வேண்டும். ஏழெட்டுத் தண்ணீர் பிடிக்கும். கறுப்புப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றும் எஞ்சினால் குற்றமில்லை, ஆனால் தோல் பெருமளவில் நின்றுவிட்டால் மாவு சாம்பல் நிறமாகி லேசாகக் கசக்கும், அடிக்கும்போது நுரைத்து எழவும் எழாது. நம் வெயிலில் ஊறும் தண்ணீரை நடுவில் ஒருமுறையாவது மாற்றுங்கள். புளிப்பு வாடை வந்துவிட்டால் அந்தப் பயறு அக்கராஜேக்கு ஆகாது, ஏனென்றால் இது புளிக்கவைக்கும் மாவு அன்று.

களைந்த பருப்பை வடிதட்டில் கொட்டி, பிறகு ஒரு துணியில் பரப்பிக் கால் மணி நேரம் விட்டு, ஈரம் சொட்டாத நிலையில் அரைக்க வேண்டும். முன்பு கல்லில் அரைத்தார்கள். இப்போது பையானாக்களும் மின் அரவை இயந்திரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆகவே அதில் நமக்கு மட்டும் வைராக்கியம் தேவையில்லை. வீட்டில் வெட் கிரைண்டர் இருந்தால் அதுவே மேல். கல் மெதுவாகச் சுழல்வதால் மாவு சூடாகாது, அரைபடும்போதே கொஞ்சம் காற்றும் சேரும். மிக்ஸிதான் உண்டென்றால் குளிர்ந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளித்து, ஜார் சூடேறும் முன் நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். அரைக் கிலோப் பயற்றுக்கு அரை டம்ளர் தண்ணீரைத் தாண்டக் கூடாது. விரலுக்கிடையே தேய்த்தால் மிக மெல்லிய நறநறப்பு மட்டும் தெரிய வேண்டும். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் மாவு உடனே வழியாமல், தயங்கிக் கட்டியாக விழ வேண்டும். உங்கள் மாவு எண்ணெயில் கலைந்துபோனதற்கு முதல் காரணம் இங்கேதான். தண்ணீர் கூடிவிட்டது என்று தெரிந்ததும் அரிசி மாவையோ கடலை மாவையோ கொட்டிச் சரிக்கட்டலாமா என்று கேட்பீர்கள். பண்டம் பொரியும், ஆனால் உள்ளே பஞ்சு வராது. அந்த மாவை அடைக்கு ஒதுக்கிவிட்டு வேறு பயறு ஊறப்போடுவதே நல்லது. உலர்ந்த காராமணி மாவைக் குழைத்துச் செய்யலாம் என்ற யோசனையையும் நான் பரிந்துரைப்பதில்லை. அது எப்போதும் கனமாகவே வருகிறது.

அடுத்தது அடித்தல். உளுந்து மாவில் இயல்பாகவே ஒரு கொழகொழப்பு உண்டு. கிரைண்டரில் பொங்கிய காற்றை அது வெகுநேரம் விடாமல் வைத்துக்கொள்ளும். காராமணியில் அந்தப் பசை கிடையாது. அதன் புரதம் முட்டை வெண்கருவைப் போல அடிக்க அடிக்க நுரைத்துக் காற்றைப் பிடிக்கும், ஆனால் சற்று நேரம் சும்மா விட்டால் பிடித்ததை நழுவவிட்டுவிடும். ஈஸ்ட்டோ சோடாவோ எதுவும் சேராத இந்தப் பண்டம் உள்ளே ரொட்டியைப் போல் மென்மையாக வருவதற்கு இந்த நுரை ஒன்றே காரணம். சோடா போட்டால் வெளிப்புறம் சீக்கிரம் சிவந்துவிடும், உள்ளே வேகாது, எண்ணெயும் குடிக்கும்; சோடா கூடிப்போன வடையை நினைத்துப் பாருங்கள்.

சல்வதோரின் ரியோ வெர்மேல்யோ பகுதியில், மாலையானால் பையானாக்கள் தட்டு வைக்கும் இடத்தில், ஒருத்தியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றால் இது விளங்கும். ஆழமான பாத்திரத்தை மடிப்பக்கம் சாய்த்து, துடுப்பைப் போன்ற நீண்ட மரக்கரண்டியால் மாவை அடியிலிருந்து வாரித் தூக்கிப் பாத்திரத்தின் சுவரில் அறைகிறாள். மீண்டும் வாருகிறாள், மீண்டும் அறைகிறாள். முதலில் 'சளக்' என்று ஈரமாகக் கேட்கும் ஓசை, மாவு ஏற ஏற 'தொப்' என்று உள்ளடங்கிய ஓசையாக மாறுகிறது. மாவின் நிறமும் தந்தத்திலிருந்து வெள்ளைக்கு நகர்கிறது. ஓர் ஈடு எண்ணெயில் கிடக்கும்போதும் அவள் கை ஓய்வதில்லை. வாங்க வந்தவரிடம் பேசிக்கொண்டே அடுத்த ஈட்டுக்கான மாவை அடித்துக்கொண்டிருப்பாள். வீட்டில் மரக்கரண்டியால் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், தோள் வலிக்கும். கேக் மாவு அடிக்கும் மின்கருவி இருந்தால் ஐந்தாறு நிமிடத்தில் முடியும். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துளி மாவை இட்டால் அது மூழ்காமல் மிதக்க வேண்டும் என்ற உளுந்து வடைச் சோதனை இதற்கும் பொருந்தும்.

வெங்காயத்தையும் உப்பையும் பொரிப்பதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். அரைக் கிலோப் பயற்றுக்கு ஒரு பெரிய வெங்காயத்தைத் துருவி, சாறு மிகுதியாக இருந்தால் பிழிந்துவிட்டு, இரண்டு தேக்கரண்டி உப்போடு மாவில் போட்டு மறுபடி ஒரு நிமிடம் அடியுங்கள். முன்கூட்டியே போட்டுவிட்டால் வெங்காயம் நீர்விட்டு நீங்கள் அடித்ததையெல்லாம் வீணாக்கும். மாவில் சேர்வது இவ்வளவுதான். சீரகம், கறிவேப்பிலை, பச்சைமிளகாய் என்று கை நீளும். நீளவிடாதீர்கள், காரமும் மணமும் உள்ளே வைக்கும் கலவைகளிலிருந்து வரப்போகின்றன.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாஹியாவில் அக்கராஜே பொரிவது 'தெந்தே' எண்ணெயில். மலேசியத் தமிழர் செம்பனை என்று அழைக்கும் மரத்தின் பழச்சதையைப் பிழிந்து எடுத்த, சுத்திகரிக்காத, செக்கச்சிவந்த எண்ணெய் அது. மேற்கு ஆப்பிரிக்காதான் அந்த மரத்தின் தாயகம். அங்கிருந்து மேற்கே போய்ப் பாஹியாவின் கடற்கரையில் வேரூன்றியது. சல்வதோருக்குத் தெற்கேயுள்ள கரைப்பகுதிக்கே 'தெந்தேக் கடற்கரை' என்று பெயர். அதே மரம் கிழக்கே மலாயாவுக்கு வந்து, 1917இல் சிலாங்கூரில் முதல் வணிகத் தோட்டமாக நடப்பட்டபோது அந்தத் தோட்டத்துக்கு வாய்த்த பெயர் 'தென்னமரம் எஸ்டேட்' என்பது ஒரு வேடிக்கை. நம் ரேஷன் கடையில் தரும் பாமாயிலும் இதே மரத்தினுடையதுதான் என்றாலும், அது நிறமும் மணமும் போக்கிச் சுத்திகரிக்கப்பட்டது. அதில் பொரிப்பதும் கடலை எண்ணெயில் பொரிப்பதும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். ஆப்பிரிக்க மளிகைக் கடைகளில் சிவப்புப் பாமாயில் என்று கேட்டால் தெந்தேக்கு மிக நெருங்கியது கிடைக்கும். விலை கடுமையாக இருந்தால் பாதிக்குப் பாதி வேறு எண்ணெய் கலந்துகொள்ளுங்கள்; நிறமும் மணமும் ஓரளவு நிற்கும். குப்பியின் அடியில் வெளிறிய கொழுப்பு உறைந்து நிற்பதைப் பார்த்துக் கெட்டுப்போனதென்று நினைக்க வேண்டாம், அதன் இயல்பே அது. சுடுநீரில் குப்பியை நிறுத்தினால் இளகிவிடும்.

வாணலியில் மூன்று விரற்கடை ஆழத்துக்காவது எண்ணெய் வேண்டும். பையானாக்கள் ஒரு வெங்காயத்தை அப்படியே எண்ணெயில் போட்டுவைப்பார்கள். எண்ணெய் கருகாமல் இருக்க என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது எண்ணெயை எந்த அளவுக்குக் காக்கிறதோ, ஆனால் நல்ல அறிவிப்பு மணி என்பது என் அனுபவம்: வெங்காயத்தின் விளிம்பு சட்டென்று கறுத்தால் தீ அதிகம் என்று பொருள். வெப்பமானி இருந்தால் 175 பாகை செல்சியஸ் போதும். புகை கிளம்பும் வரை காய்ச்சினால் தெந்தேயின் சிவப்பு வெளிறி, மணமும் கெட்டுவிடும்.

இரண்டு பெரிய கரண்டிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றில் மாவை வாரி மற்றொன்றால் ஒருமுறை ஒதுக்கி, எண்ணெயின் மேற்பரப்புக்கு மிக அருகிலிருந்து வழுக்கி விடுங்கள். உயரத்திலிருந்து போட்டால் உருண்டை சிதறும், உங்களுக்கும் தெறிக்கும். கையால் தட்டிப் போடுவது இதற்குப் பழக்கமில்லை. தட்டும்போதே காற்று போய்விடும். தெருவில் விற்பது ஒரு கைமுட்டி அளவு இருக்கும், முதல்முறை செய்யும்போது எலுமிச்சை அளவைத் தாண்ட வேண்டாம். சிறியவை ஐந்து நிமிடத்திலும் பெரியவை எட்டு நிமிடத்திலும் வேகும். ஒரு புறம் நன்றாகச் சிவந்து ஓடு பிடித்த பிறகே திருப்ப வேண்டும். முதல் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். ஓடு மெல்லியதாக மொறுமொறுப்பாகவும், உள்ளே வெண்மையாக, சின்னஞ்சிறு துளைகளோடு ஆவி பறந்தும் இருந்தால் சரி. நடுவில் பசபசவென்று மாவு ஒட்டினால் தீயைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். அரைவேக்காட்டுப் பயறு வயிற்றைப் பதம் பார்த்துவிடும்.

முற்காலத்தில் மிளகாய்க் குழம்பைத் தடவியே தின்றார்கள். நைஜீரியாவில் அக்கராவை இன்றும் பிளந்து நிரப்புவதில்லை. இன்றைய சல்வதோரில் கத்தியால் நீளவாட்டில் பிளந்து, வத்தப்பா, கருரு, தக்காளிக் கலவை, காய்ந்த இறால் ஆகியவற்றை நிரப்பித் தருகிறார்கள். வத்தப்பா என்பது ரொட்டிக் களி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரம் நீக்கிய 200 கிராம் பழைய ரொட்டியை இரண்டு டம்ளர் தேங்காய்ப் பாலில் ஊறவைத்து, வறுத்த வேர்க்கடலை, முந்திரி, காய்ந்த இறால் ஒவ்வொன்றிலும் 50 கிராம், ஒரு வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் கொத்தமல்லி எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து, அடிகனமான பாத்திரத்தில் நான்கு மேசைக்கரண்டி தெந்தே விட்டுக் கைவிடாமல் கிளறினால், இருபது நிமிடத்தில் சுவரில் ஒட்டாமல் திரண்டு வரும். காய்ந்த இறாலுக்கு நம் சந்தைச் சென்னாக்குன்னி போதும், ஆனால் மண் இருக்கும், நன்றாக அலசுங்கள். பாஹியாவில் புகையூட்டிய இறாலைப் பயன்படுத்துவதால் அந்தப் புகை மணம் மட்டும் நமக்குக் கிடைக்காது. முந்திரி பிரேசிலின் வடகிழக்குக் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே நமக்கு வந்தது, தென்னையை அவர்கள் இங்கிருந்து, அதாவது இந்துமாக்கடல் பக்கமிருந்து, அங்கே கொண்டுபோனார்கள். இரண்டும் அந்தப் பாத்திரத்தில் சந்திக்கின்றன.

கருரு வெண்டைக்காயில் செய்வது. நம் வீடுகளில் வெண்டைக்காயின் வழவழப்பைப் போக்க வதக்கு வதக்கென்று வதக்குவோம், மோர் விடுவோம். இங்கே அந்த வழவழப்புத்தான் வேண்டும். அரைக் கிலோ வெண்டைக்காயைக் கழுவித் துடைத்துப் பொடியாக நறுக்கி, தெந்தேயில் வெங்காயமும் இறால் பொடியும் கடலை முந்திரிப் பொடியும் வதக்கி, வெண்டைக்காயையும் சிறிது சுடுநீரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, வெண்டை விதைகள் இளஞ்சிவப்பாக மாறியதும் இறக்குவார்கள். செப்டம்பர் 27ஆம் தேதி கோஸ்மா, தமியான் புனிதர்களின் திருநாளில் இதையே பெரும் பானையில் சமைத்து, முதலில் ஏழு குழந்தைகளை உட்காரவைத்துப் பரிமாறும் வழக்கம் பாஹியாவில் உண்டு.

மிளகாய்க்கு அவர்கள் பயன்படுத்துவது மலகேத்தா என்னும் சிறு மிளகாய். நம் ஊசிமிளகாய்க்கு உறவு. காய்ந்ததை இறாலோடு அரைத்துத் தெந்தேயில் வதக்கினால் கறுஞ்சிவப்பாக ஒரு விழுது வரும். சல்வதோரில் பையானா உங்களிடம் 'சூடாகவா, ஆறியதாகவா?' என்று கேட்டால் அவள் கேட்பது எண்ணெய்ச் சூட்டைப் பற்றி அன்று. 'சூடாக' என்றால் அந்த விழுதைத் தாராளமாகத் தடவிவிடுவாள். தெரியாமல் 'சூடாக' என்று சொல்லிக் கண்ணீர் விட்ட வெளியூர்க்காரர்கள் ஏராளம்.

சைவ உணவுக்காரர்களுக்குச் செய்ய முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாவில் பயறு, வெங்காயம், உப்பு தவிர வேறொன்றும் இல்லை, எண்ணெயும் மரத்தினுடையது. இறாலை நீக்கி, வத்தப்பாவில் வேர்க்கடலையைக் கூட்டிக்கொண்டால் சுவை குறையும், ஆனால் சிதையாது. காளான் பொடி, சோயா என்று இறாலுக்கு மாற்றுத் தேடுவதைவிட வெறும் மிளகாய் விழுதும் தக்காளிக் கலவையும் வைத்துத் தின்பது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

மாவு மிஞ்சினால் மறுநாளைக்கு என்று குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். காற்று இறங்கி, எவ்வளவு அடித்தாலும் பழைய நிலைக்கு வராது. பையானாவின் தட்டிலேயே இதற்கு வழி இருக்கிறது. அக்கராஜேக்குப் பக்கத்தில் வாழையிலைப் பொட்டலங்களாக அடுக்கியிருக்கும் 'அபரா' என்பது இதே மாவு, எண்ணெயில் போடாமல் ஆவியில் வெந்தது. மிஞ்சிய மாவில் இரண்டு மேசைக்கரண்டி தெந்தேயையும் கொஞ்சம் இறால் பொடியையும் கலந்து, தணலில் வாட்டிய வாழையிலையில் மடித்துக் கட்டி, இட்லிப் பானையில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். இறக்கியதும் பிரித்தால் இலையோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்துவரும். பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிரித்தால், இலையின் வரிகள் பதிந்த மஞ்சள் கட்டியாக முழுதாக வரும்.